மெத்தில்பெனிடேட் வாங்க மூன்று முறை திருச்சிக்கு

மகனுக்கு 9 வயது. ஏ.டி.எச்.டி. (கவனம் சிதறுவது, துறுதுறுப்பு அடங்காமல் இருப்பது) என்று உறுதியாகி மனநல மருத்துவர் மெத்தில்பெனிடேட் எழுதித் தரும்வரை ஒரு சிக்கலும் இல்லை. அந்த மாத்திரையைக் கையில் வாங்கத்தான் துறையூரிலிருந்து திருச்சிக்கு மூன்று முறை பஸ் ஏற வேண்டியிருந்தது.

முதல் நாள் தில்லைநகரில் நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கினோம். மூன்றில் இல்லை என்றார்கள். நான்காவது கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்தப் போதை மாத்திரையெல்லாம் நாங்க வைக்கிறதில்ல சார்" என்றார், என் மகன் காதில் விழும்படி. "அப்பா, எனக்கு எதுக்குப் போதை மாத்திரை?" என்று பஸ்ஸில் கேட்டான். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவன். அன்று இரவு அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். மூளையில் ஒரு நரம்புச் செல் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியே விட்டு, உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்த மருந்து அந்த உறிஞ்சும் வழியை அடைக்கிறது. அதனால் டோபமைனும் அதேபோன்ற நார்அட்ரினலினும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று வேலை செய்கின்றன. 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசோன் இதை உருவாக்கினார். அவர் மனைவி மார்கரீட்டைச் செல்லமாக ரீட்டா என்பார்கள். அந்தப் பெயரிலிருந்துதான் இந்த மருந்தின் வணிகப் பெயரான ரிட்டாலின் வந்தது. அவன் நிம்மதியாகத் தூங்கியது இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான்.

இரண்டாம் முறை, மருந்து இருப்பதை போனில் கேட்டுக்கொண்டே போனேன். "சீட்டு ரெண்டு வேணுமே, இன்னொண்ணு எங்கே?" என்றார்கள். இது அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. மருத்துவர் இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்றைக் கடையில் இரண்டு வருடம் வைத்திருப்பார்கள். ஜெராக்ஸ் எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. போதாததற்கு என் சீட்டில் மகனுடைய முகவரியும் இல்லை, மொத்த மாத்திரை எண்ணிக்கையும் இல்லை. கிளினிக்குக்கு ஓடினால் டாக்டர் அன்று லீவு. தவறான கைக்குப் போகக்கூடிய மருந்து என்பதால் கட்டுப்பாடு தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சீட்டைக் கையில் கொடுக்கும்போதே கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நாள் சம்பளம் போயிருக்காது. நீங்கள் எழுந்து வருவதற்கு முன்பே தேதி, கையெழுத்து, முகவரி, அளவு, எண்ணிக்கை எல்லாம் இரண்டு பிரதியிலும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்லா மெடிக்கலிலும் கேட்டு அலையவும் வேண்டாம். இதை விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும்.

மூன்றாம் முறை மாத்திரை கிடைத்தது. ஆனால் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் சாதா மாத்திரை! டாக்டர் எழுதியது மெதுவாகக் கரைகிற வகை. இரண்டிலும் 10 மி.கி. என்றுதான் போட்டிருக்கும். சாதா வகை நாலு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், மதிய வகுப்புக்கு உதவாது. அங்கேயே நின்று மாற்றி வாங்கினேன். நான் வேதியியல் படித்ததற்கு அன்றுதான் முழுப் பலன் கிடைத்த மாதிரி இருந்தது. மெதுவாகக் கரைகிற மாத்திரையை உடைத்தோ நசுக்கியோ கொடுத்துவிடாதீர்கள். நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

மருந்து ஆரம்பித்ததும் பசி குறைந்தது. அதனால் இப்போது காலையில் முதலில் இட்லி, அப்புறம்தான் மாத்திரை. சாயங்காலம் பசி திரும்பும்போது வயிறு நிறையக் கொடுக்கிறோம். ஒவ்வொரு முறை போகும்போதும் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குகிறேன். அட்டையில் ஐந்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே கடைக்குப் போன் செய்துவிடுகிறேன்.