பல்லிகளின் மரபணுவும் என் ஐந்து வருடமும்

பல்லுயிர், மரபியல், பரிணாமம் என்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த சாஃப்ட்வேர் படிக்க வேண்டும் என்பதைத்தான். ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியைப் படியுங்கள், லினக்ஸில் கட்டளை கொடுக்கப் பழகுங்கள். தினமும் உட்கார்ந்தால் அது கைவந்துவிடும். எனக்கு ஒரு வருடத்தைத் தின்றது வேறு.

என் ஆய்வு பல்லிகளைப் பற்றியது. வால் நுனியில் நகக்கண் அளவு துண்டு எடுத்து, 95 சதவீத எத்தனால் உள்ள குழாயில் போட்டால் மாதிரி தயார். முதல் களப்பணியில் குழாய்களின் மேல் மார்க்கரால் எண் எழுதினேன். வழியில் ஒரு மூடி கசிந்து, எத்தனால் பட்ட மை கரைந்து, 37 குழாய்களில் எண்ணே இல்லை. எங்கே பிடித்த பல்லி என்று தெரியாவிட்டால் அதன் டிஎன்ஏ எனக்கு எதற்கு? அத்தனையும் வீண். அந்த உயிர்களை வீணாக நோகடித்துவிட்டோமே என்பது இன்னும் உறுத்துகிறது. அப்புறம் கெட்டித் தாளில் பென்சிலால் எழுதி, குழாய்க்குள்ளேயே போடத் தொடங்கினேன். பென்சில் எழுத்தை எத்தனால் ஒன்றும் செய்யாது.

மாதிரி எடுக்கும் அனுமதிக்கு முதல் மாதமே விண்ணப்பியுங்கள். வேறு நாட்டு உயிரினம் என்றால் மரபணு வளங்களின் பயனை அவற்றின் நாட்டோடு பகிர்வது பற்றி 2014இல் நடைமுறைக்கு வந்த நாகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். பாதி ஆய்வில் காகிதத்துக்காகக் காத்திருப்பது கொடுமை.

ஆய்வகத்தில் ஒன்றை மட்டும் விடாதீர்கள். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் ஒவ்வொரு பிசிஆரிலும் டிஎன்ஏ சேர்க்காத ஒரு குழாய் இருக்கட்டும். பெருக்கிய டிஎன்ஏவை ஓடவிட்டுப் பார்க்கும் ஜெல்லில் அந்தக் குழாயின் இடத்திலும் கோடு தெரிந்தால், எங்கோ கலப்படம் ஆகிவிட்டது. அன்றைய முடிவுகளை நம்ப வேண்டாம். மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென டிஎன்ஏ உள்ள உறுப்பு) மரபணு வரிசை கிடைத்ததும் அதைப் புரதமாக மாற்றிப் பாருங்கள். புரதம் முடிகிறது என்று காட்டும் நிறுத்தக் குறி நடுவிலேயே வந்தால், செல்லின் உட்கருவுக்குள் குடியேறிவிட்ட பழைய நகலைப் படித்திருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு நான்கு மாதிரிகளில் அப்படி வந்தது.

மூன்றாம் வருடம் பெரிய அதிர்ச்சி. ஒரு பள்ளத்தாக்குப் பல்லிகள், யார் யாருக்கு நெருங்கிய உறவு என்று காட்டும் மைட்டோகாண்ட்ரியா மரத்தில் ஓர் இனத்தோடும், உட்கரு மரபணு மரத்தில் வேறோர் இனத்தோடும் சேர்ந்து நின்றன. குழாய் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். கைடு சொன்னார்: "தூக்கிப் போடாதே. திசுவிலிருந்து மறுபடி எடுத்துப் பார்."

ஒவ்வொரு குழாயையும் திறந்தேன். உள்ளே தாள் இருந்தது, எண் தெளிவாக இருந்தது. புதிதாக டிஎன்ஏ பிரித்தேன். அதே முடிவு. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் வருவது. என்றோ இரண்டு இனங்களும் கலந்து, ஓர் இனத்தின் தாய்வழி மைட்டோகாண்ட்ரியா மட்டும் மற்றதற்குள் தங்கிவிட்டது என்ற விளக்கமே கடைசியில் பொருந்தியது. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான்.