திருவொற்றியூரில் வீடு வாங்கினோம்: பாட்டி பங்கும் அத்தை கையெழுத்தும்

வடசென்னையில் பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் சமையலறை எந்த மூலை, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள், மண் யாருடையது என்று முதலில் கேளுங்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கம் கேட்பவர்கள் அதிகம், அதனால் 'நாளைக்கே அட்வான்ஸ் போடுங்க' என்ற அவசரமும் அதிகம்.

தேரடி பக்கம் ஒரு வீடு காட்டினார்கள். நல்ல கட்டடம், விலையோ நம்ப முடியாத அளவு குறைவு. ஏன் என்று கேட்டால் புரோக்கர் சர்வசாதாரணமாக, "அடிமனை கோயிலோடதுக்கா, வாடகை கட்டிட்டா போதும், இந்தத் தெருவே அப்படித்தான்" என்றார். தெரு முழுக்க அப்படியே இருக்கட்டும், நமக்கு விற்பது மேலே நிற்கும் சுவரை மட்டும்தான், வங்கியும் அதற்குக் கடன் தராது. தண்டையார்பேட்டையில் பார்த்தது குடிசை மாற்று வாரிய ஒதுக்கீட்டு வீடு. ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறது, வாரியத்திடமிருந்து கிரயப் பத்திரம் வரவில்லை. அவருக்கே இன்னும் பத்திரம் ஆகாத வீட்டை நோட்டரி கையெழுத்தோடு நமக்கு எழுதித் தருகிறாராம். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

கடைசியில் பிடித்தது அரை கிரவுண்டில் ஒரு தனி வீடு. அண்ணன், தம்பி, தங்கை மூவரும் சேர்ந்து விற்கிறார்கள், அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மா அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். வில்லங்கச் சான்றில், அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களில், சிக்கல் ஒன்றும் இல்லை. தாய்ப் பத்திரத்தில், அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்தில், 'செங்கற்பட்டு மாவட்டம்' என்று பார்த்ததும் எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் பதறினார். அதில் பயப்பட ஒன்றுமில்லை. திருவொற்றியூர் அப்போது செங்கற்பட்டு, அப்புறம் திருவள்ளூர், 2011-ல் சென்னை மாநகராட்சி, 2018-ல்தான் சென்னை மாவட்டம். ஆனால் சார்பதிவாளர் அலுவலக எல்லையும் இடையில் மாறியிருந்தால் இரண்டு அலுவலகத்துக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். எங்களுக்கு எதிர்வீட்டு அம்மாவே மிக்ஜாம் புயல் சமயம் தண்ணீர் எதுவரை நின்றது என்று முட்டியைத் தொட்டுக் காட்டினார். அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தோம்.

வங்கி வக்கீல் பார்ப்பது வங்கிக்காக, நமக்கென்று தனியாக ஒருவர் வேண்டும். நாங்கள் வைத்த வக்கீல் காகிதங்களை எல்லாம் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அவங்க அப்பா சாகும்போது, அப்பாவைப் பெத்த அம்மா இருந்தாங்களா?" இருந்திருக்கிறார். மகனுக்குப் பிறகு இரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறார் பாட்டி. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி மக்களோடு தாய்க்கும் சம பங்கு உண்டு. ஆகவே அப்பா இறந்த அன்று வீடு நான்கு பங்காகிவிட்டது. பாட்டியின் கால் பங்கு, அவர் போனதும் பாதி இந்த மூன்று பேரப்பிள்ளைகளுக்கும் பாதி அவருடைய மகளுக்கும், அதாவது காசிமேட்டில் இருக்கும் அத்தைக்கும், போகிறது. அத்தைக்கு அரைக்கால் பங்கு! வாரிசுச் சான்றிதழில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அதை அவர்கள் வாங்கியது பாட்டியும் போன பிறகு, அதில் மூன்றே பெயர்கள். இரண்டு இறப்புச் சான்றிதழ்களின் தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

அண்ணனுக்கு முதலில் கோபம் வந்தது, "எங்க குடும்பத்துல யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அத்தை கேட்க மாட்டார், சரி, நாளை அத்தை மகன் கேட்டால்? அவரையும் விற்பவராகச் சேர்த்தால்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டோம். அத்தையோ "அண்ணன் புள்ளைங்களுக்கு நான் போடாம யாரு போடுவா" என்று உடனே ஒப்புக்கொண்டார்.

அப்புறம்தான் அவருக்கு பான் கார்டே இல்லை என்று தெரிந்தது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் மொத்த விலைதான் கணக்கு, அதை விற்பவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பான் எண்ணில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஆதாரில் செல்போன் எண் இணைந்திருந்தால் இ-பான் இலவசமாக உடனே கிடைத்துவிடும். அத்தைக்கு எண் இணைக்கவே இ-சேவை மையத்தில் நிற்க வேண்டியிருந்தது. தம்பியின் பான் ஆதாரோடு இணையாமல் கிடந்தது, அப்படியே விட்டிருந்தால் அவர் பங்குக்கு 20 சதவீதம் பிடிக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் ஒப்பந்தம் போடும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், பதிவுக்கு முந்தின நாள் கேட்டால் எல்லாருக்கும் தலைவலி.

பதிவுச் செலவு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 2023 ஜூலைக்கு முன் 11 ஆக இருந்தது. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, நிஜ விலை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். பதிவு நாளில் டோக்கன், போட்டோ, கைரேகை என்று மதியமாகிவிட்டது. அத்தையின் ரேகை மீன் அரிந்து அரிந்து தேய்ந்துபோயிருந்ததால் கருவி எடுக்கவில்லை, ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள், எல்லாருக்கும் திக்கென்றிருந்தது, நல்லவேளை நடுவிரல் எடுத்துக்கொண்டது.

பட்டா செத்தவர் பெயரிலேயே இருந்தால் பதிவு முடிந்ததும் தானாக மாறாது, முதலில் வாரிசுகள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். நாங்கள் அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். மின் இணைப்பும் சொத்து வரியும் எங்கள் பெயருக்கு வந்துவிட்டன. மெட்ரோ வாட்டர் கட்டண அட்டை மட்டும் இன்னும் அவர்கள் அப்பா பெயரில்தான் இருக்கிறது, அடுத்த வாரம் ஏரியா ஆபீஸ் போக வேண்டும்.