பணம் வரலைன்னு சொன்னார்கள், வந்திருந்தது

அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் முதல் தவணையிலேயே வந்துவிட்டது. அப்போது அவர் பேரில் இருந்த பேங்க் கணக்கில் ஆதார் இணைக்கவில்லை என்பதால் போஸ்ட்மேன்தான் மணியார்டராகக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த கையோடு, "எத்தனை மாசத்துக்கு இப்படி வரும்னு தெரியாதுங்க, தபால் ஆபீஸ் பேங்க்லயே ஒரு கணக்குப் போட்டுக்குங்க, மினிமம் பேலன்ஸ் தொல்லையும் இல்லை" என்று திண்ணையில் உட்கார்ந்தே செல்போனில் கணக்கையும் திறந்துவிட்டார். பத்து நிமிஷ வேலை. அதிலிருந்து 2024 மே வரை 15-ம் தேதி வாக்கில் மெசேஜ் வரும், அம்மா டவுன் பஸ் ஏறிப் போய்க் கைரேகை வைத்து ஆயிரம் ரூபாயை வாங்கி வருவார். இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜூனில் மெசேஜ் வரவில்லை.

15 சனிக்கிழமை. ஞாயிறும் விட்டு, திங்கள் போய்ப் பார்த்துவிடலாம் என்று நான் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தேன். பனியன் கம்பெனியில் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. பஸ்ஸில் அம்மாவுக்கு இலவசம், எனக்கு டிக்கெட். இறங்கிப் போய்ப் பார்த்தால் தபால் ஆபீஸ் கதவில் பூட்டு. 17-ம் தேதி பக்ரீத். மாதத்தில் ஒருமுறை போகிற இடம்தானே, காலண்டரைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். எங்களோடு நாலைந்து பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் அதே கதைதான்.

மறுநாள் திறந்திருந்தது, ஆனால் சர்வர் இல்லை. பதினொன்றரைக்குச் சர்வர் வந்தது, அம்மாவின் ரேகை வரவில்லை.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அம்மா இருபது வருஷமாக நார் மில்லில் வேலை பார்க்கிறார். தென்னை நாரைப் பிரித்துப் பிரித்து அவருடைய பெருவிரல் கரைந்த சோப்புக் கட்டி மாதிரி வழவழ என்றிருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் ஒரு கோடு தெரியாது. மிஷினில் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். அழுத்தி வைங்க, மெதுவா வைங்க, துடைச்சிட்டு வைங்க என்று கவுன்டரில் இருந்தவர் சொல்லச் சொல்ல அம்மா ஒவ்வொன்றையும் செய்தார். பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, "நெத்தியில தேய்ச்சிட்டு வை கண்ணு, பிசுக்குப் பட்டாப் பிடிக்கும்" என்றார். அதையும் செய்தார். பெருவிரல் இரண்டும், ஆள்காட்டி விரல் இரண்டும் தோற்றுப்போய், கடைசியில் இடது கை மோதிர விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. ஆதாரில் பத்து விரலும் பதிந்திருக்கிறது, எந்த விரலை வைத்தாலும் செல்லும். இத்தனை மாதமும் பெருவிரலோடு மல்லுக்கட்டியதற்கு யாராவது இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

அப்புறம் பார்த்தால் கணக்கில் 42 ரூபாய்.

"பணம் வரலைங்கம்மா. ஏன் வரலைன்னு எனக்குத் தெரியாது, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க." அதற்குள் அடுத்தவரின் ஆதார் அட்டையை வாங்கிவிட்டார். எந்தக் கணக்குக்குப் போயிருக்கும், எங்கே பார்க்கலாம் என்று நான் கேட்டதற்கு, "அதான் சொன்னேனே" என்றார். அவர் மேல் முழுக்கக் கோபப்படவும் முடியவில்லை, ஒரே ஆள் பதிவுத் தபாலையும் ஆர்.டி.யையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த "வரலை" என்ற ஒரு வார்த்தைதான் எங்களை ஒரு மாதம் சுற்றவிட்டது. அவர் சொல்லியிருக்க வேண்டியது, "இந்தக் கணக்குக்கு வரலை" என்று.

தாலுகா ஆபீஸில் உரிமைத் தொகைக்கு என்று ஒரு மேஜை உண்டு. அங்கே போனால் மதியச் சாப்பாட்டு நேரம். இரண்டரைக்கு வந்தவர் ரேஷன் கார்டு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பணம் போயிருக்கே, வெற்றின்னு காட்டுது" என்றார். எந்தக் கணக்குக்கு என்று கேட்டால், "ஆதார் லிங்க் ஆன கணக்குக்கு." அது எது? "அது உங்களுக்குத்தான் தெரியணும். பேங்க்ல கேளுங்க." எங்களுக்குத் தெரிந்த பேங்க் தபால் ஆபீஸ்தான், அங்கிருந்துதான் வருகிறோம் என்று சொன்னேன். மறுபடியும் திரையைப் பார்த்துவிட்டு, "வெற்றின்னு காட்டுதுங்க" என்றார், நாங்கள் ஏதோ சந்தோஷப்பட வேண்டிய விஷயம் போல.

அன்று பஸ்ஸில் அம்மா ஒன்றும் பேசவில்லை. பேரை எடுத்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதலில் மனு தள்ளுபடி ஆகி, இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்துதான் கிடைத்தது, அதே மாதிரி நாமும் போடலாம் என்றார். நல்லவேளை போடவில்லை. பேர் பட்டியலில் இருக்கிறது, பணமும் போகிறது, இதற்கு மேல்முறையீடு போட்டு என்ன ஆகப்போகிறது?

வழி சொன்னது இ-சேவை மையத்துப் பையன். மைஆதார் தளத்தில் உள்ளே போனால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒன்று இருக்கிறதாம். அரசாங்கப் பணம் ஆதார் வழியாக எந்த பேங்க்கிற்குப் போகிறது, எந்தத் தேதியில் அது இணைந்தது என்று காட்டும். சரி, பார் தம்பி என்றால், ஆதாரில் பதிந்திருக்கும் நம்பருக்கு ஓ.டி.பி. போகிறது. அந்த நம்பர் அப்பா இருந்த காலத்தில் வாங்கிய பழைய சிம், அந்த சிம் வேலை செய்யாமல் போய் மூன்று வருஷம். அவனால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நம்பர் மாற்ற ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கி நிற்க வேண்டுமோ என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். மணியார்டர் கொண்டுவந்த அதே போஸ்ட்மேனைத் தெருவில் பார்த்துக் கேட்டபோது, "நானே மாத்தித் தர்றேனுங்க, 50 ரூபாய்தான்" என்றார் (2024-ல் இருந்த கட்டணம் அது). வீட்டுக்கே வந்து செய்துகொடுத்தார், ஒரு காகிதமும் கேட்கவில்லை, ஒரு விரல் போதும். (மோதிர விரல் என்று அம்மாவே நீட்டினார்.) பெயர், முகவரி திருத்தத்துக்குத்தான் ஆவணம் எல்லாம், போன் நம்பருக்கு வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஒன்றும் பிரச்சினை இல்லாதபோது பார்ப்பதுதான் சுலபம்.

நம்பர் மாறி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நான் மறுபடி லீவு கிடைத்து வந்தது ஜூலை 16. ஓ.டி.பி. வந்தது, திறந்தது, பார்த்தால் நாங்கள் காலடி எடுத்து வைக்காத ஒரு தனியார் பேங்க்கின் பெயர். இணைந்த தேதி மே கடைசி வாரம்.

அம்மாவிடம் கேட்டேன், இந்த பேங்க்கில் எப்போது கணக்கு ஆரம்பித்தீர்கள் என்று. ஆரம்பிக்கவே இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குழுக் கடன் வாங்கறப்ப அந்தத் தம்பி வந்து கைரேகை வாங்கிட்டுப் போச்சே சாமி, அதா?" என்றார். அதேதான். கடன் கொடுக்கும்போது கணக்கையும் திறந்திருக்கிறார்கள். அன்று அம்மா போன் சார்ஜ் இல்லை என்று குழுத் தலைவி அக்காவின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். ஜூன் மாதப் பணம் வந்த மெசேஜ் அந்த அக்காவின் போனில், படிக்காத நானூறு மெசேஜுக்கு நடுவில் கிடந்தது.

இங்கேதான் விஷயமே. ஒரு ஆளுக்கு எத்தனை கணக்கு இருந்தாலும், எத்தனையில் ஆதார் கொடுத்திருந்தாலும், அரசாங்கப் பணம் வருவதற்கு என்று ஒரே ஒரு பேங்க்தான் பதிவில் நிற்கும். கடைசியாக எதை இணைத்தோமோ அது. புதிதாக ஒன்றை இணைத்த நிமிஷம் பழையது விலகிவிடும், அதற்கென்று யாரும் வந்து நம்மிடம் சொல்வதில்லை. படிவத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள், கீழே நம் கைரேகை இருக்கும், சம்மதம் என்று அர்த்தம்.

17 மொகரம், விடுமுறை. இந்தத் தடவை காலண்டரைப் பார்த்துவிட்டோம்.

18-ம் தேதி தபால் ஆபீஸ். கணக்கை மாற்றும் படிவத்தைக் கேட்கத்தான் போனோம். அந்தத் தனியார் பேங்க்கின் கிளை கோயமுத்தூரில் எங்கே இருக்கிறது, எந்த பஸ் என்று கவுன்டரிலேயே விசாரித்துக்கொண்டிருந்தேன். தபால் பை பிரித்துக்கொண்டிருந்த போஸ்ட்மேன் தலையை நிமிர்த்தி, "எதுக்குங்க அவ்வளவு தூரம்? ஆதார் வச்சு இங்கயே எடுக்கலாமே" என்றார். கவுன்டர்காரர், "அது நம்ம பேங்க் இல்லைப்பா" என்றார். "லிஸ்ட்ல அந்த பேங்க்கோட பேரைத் தேர்ந்தெடுங்க சார், ஏ.இ.பி.எஸ்.ல வரும்" என்றார் போஸ்ட்மேன். ஆதாரும் கைரேகையும் வைத்து வேறு பேங்க் கணக்கிலிருந்தும் பணம் எடுக்கும் முறைதான் அது.

தேர்ந்தெடுத்தார். மோதிர விரல். பச்சை. இருப்பு 1150 ரூபாய்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், அம்மாவுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. ஜூன் 18-ம் தேதி இதே கவுன்டரில், இதே மிஷினில், இதே விரலை வைத்துக்கொண்டு நின்றோம். லிஸ்ட்டில் ஒரு பேரை மாற்றியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அந்த பேர் அன்று யாருக்கும் தெரியாது, அது வேறு விஷயம். ஆனாலும்.

1150-ஐயும் எடுத்தோம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரி எடுக்கும்போது சில நேரம் கணக்கில் கழிந்துவிடும், இங்கே 'தோல்வி' என்று காட்டும், கையில் காசு வராது. முன்னால் நின்ற ஒருவருக்கு அப்படி ஆகிச் சண்டை நடந்தது. சண்டை வேண்டாம், ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும், அதற்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ரசீது இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் எதை வைத்துக் கேட்பது?

படிவம் ஒரு பக்கம்தான். புதிதாக இணைக்கவா, வேறு பேங்க்கிலிருந்து மாற்றவா என்று கட்டங்கள் இருக்கும், மாற்ற என்பதில் டிக் போட்டு, இப்போது இணைந்திருக்கும் பேங்க்கின் பெயரையும் எழுத வேண்டும். முதல் படிவத்தில் நான் அவசரத்தில் புதிதாக இணைக்க என்ற கட்டத்தில் டிக் போட்டு, போஸ்ட்மேன் கிழித்துவிட்டு வேறு கொடுத்தார். பைசா செலவில்லை. மூன்றாம் நாள் தளத்தில் பார்த்தபோது பேர் மாறியிருந்தது. கொடுத்தாயிற்று என்று விட்டுவிடாதீர்கள், மாறியதைக் கண்ணால் பாருங்கள், அடுத்த 15-ம் தேதிக்கு முன்னால்.

கணக்குத் தெரிந்தவர்கள் கேட்டிருப்பீர்கள், இரண்டு மாதத்துக்கு 2000 அல்லவா, 1150 எப்படி என்று. ஜூனில் வந்த ஆயிரத்தில் 850 குழுக் கடன் டியூ என்று தானாகவே கழிந்திருக்கிறது. அம்மா அந்த மாத டியூவைக் குழுக் கூட்டத்தில் ரொக்கமாகவும் கட்டியிருக்கிறார், பாஸ்புக்கில் கையெழுத்தும் இருக்கிறது. ஆக இரட்டை வசூல். கலெக்‌ஷனுக்கு வந்த தம்பியிடம் கேட்டதற்கு, "அட்வான்ஸா வச்சுக்கிட்டோம்ங்க்கா, அடுத்த டியூவுல கழிச்சுக்கலாம்" என்றான். உரிமைத் தொகையைக் கடனுக்கோ மினிமம் பேலன்ஸுக்கோ பிடிக்கக் கூடாது, பிடித்தால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் புகார் சொல்லலாம் என்று திட்டம் ஆரம்பித்தபோதே அரசு அறிவித்தது. அதைச் சொன்னேன். அவன் மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஆகஸ்ட்டில் மெசேஜ் அம்மா போனுக்கே வந்தது. 15 சுதந்திர தினம், ஆபீஸ் இருக்காது என்று அவரே சொல்லிவிட்டு 16-ம் தேதி தனியாகப் போய் வாங்கி வந்தார், நான் லீவு போடவில்லை.

அந்த 850 ஆகஸ்ட் டியூவிலும் கழியவில்லை, செப்டம்பரிலும் கழியவில்லை. 1100-க்குச் சொன்னதில் ஒரு மனு எண் கொடுத்திருக்கிறார்கள். குழுப் பாஸ்புக்கில் ஜூன் மாத வரிசையைச் சுற்றி அம்மா பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்திலேயே அந்த எண்ணையும் எழுதி வைத்திருக்கிறார்.