அந்த வெள்ளைக் கோடு எப்ப நகர்ந்துச்சு

ரோட் கார் எஞ்சின் ஒண்ண 24 மணி நேர ரேஸ்க்கு தயார் பண்ணினோம், அதுல டேம்பர்ங்கற ஒரு பார்ட் ரேஸ் முடியற வரைக்கும் தாங்குமான்னு கேட்டாங்க. "தாங்கும்"னுதான் சொன்னேன். இன்னைக்கும் அந்த ஒரு வார்த்தைய மண்டைக்குள்ள போட்டு உருட்டிக்கிட்டே இருக்கேன். அன்னைக்கு கையில இருந்த டேட்டாவ வெச்சு திரும்ப கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன், பகல்ல யோசிச்சா அப்படித்தான் தோணுது.

ரோட் கார் எஞ்சின்தானே, தூக்கி ரேஸ் கார்ல வெச்சா ஓடப்போகுதுன்னு சொல்றவங்க எல்லாரும் 1995 லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ காட்டுவாங்க. மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர், பிஎம்டபிள்யூ வி12, எஞ்சினுக்குள்ள போற காத்த குறைக்கற ரெஸ்ட்ரிக்டர் மாட்டினதால ரோட் காரோட 627 குதிரைத்திறனவிட கம்மியா குடுத்தும் ஜெயிச்சுச்சு. வாஸ்தவம்தான். ஆனா அந்த எஞ்சின் ரோட் கார்லயே டிரை சம்ப்போட பொறந்தது, அதாவது ஆயில் எஞ்சினுக்கு அடியில தேங்காம தனி டேங்க்ல இருக்கும். எங்களுக்கு வந்தது அலுங்காம குலுங்காம போற பெரிய கார் ஒண்ணோட வி8, சம்ப், ஆயில் பம்ப், ஃப்ளைவீல் எல்லாத்தையும் மாத்தணும். சராசரி 6000 ஆர்பிஎம்னு வெச்சாலே 24 மணி நேரத்துல கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுத்தற முக்கிய தண்டு, 86 லட்சம் சுத்து, ஒவ்வொரு வால்வும் 43 லட்சம் தடவ திறந்து மூடணும். அதனால எல்லாருக்கும் பயம் ஆயில் மேலயும் வால்வ் ஸ்பிரிங் மேலயும்தான். கிராங்கோட முன் முனையில இருக்கற டேம்பர ஒருத்தரும் கண்டுக்கல.

ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கறப்ப கிராங்க் ஈரத்துணி மாதிரி கொஞ்சம் முறுகி விடும். அத அடக்கத்தான் டேம்பர், நடுவுல ஹப், சுத்தி இரும்பு வளையம், ரெண்டுக்கும் இடையில ரப்பர். ரோட் கார்ல எஞ்சின் வேகத்த அதுக்கு மேல ஏற விடாத லிமிட்டர் 6500 ஆர்பிஎம், அதுவும் எப்பவாவதுதான் அங்க போகும். நாங்க கனமான ஃப்ளைவீல எடுத்துட்டு சின்ன ரேஸ் கிளட்ச் போட்டு, லிமிட்டர 7000க்கு ஏத்தினோம். எங்க கிராங்க் தன்னால ஆடறது 460 ஹெர்ட்ஸ்ல, நொடிக்கு 460 தடவ, வி8ல ஒரு சுத்துக்கு நாலு வெடிப்பு, கணக்கு போட்டா சரியா 6900ல வந்து நிக்குது. நீளமான ஸ்ட்ரெயிட்டோட கடைசில கார் நிக்கப்போற இடமும் அதான். அதிர்வ வாங்கி வாங்கி ரப்பர் சூடாகும், சூடானா இளகும், இளகினா டேம்பரோட ட்யூனிங்கே மாறிடும்.

ஹப்லேர்ந்து வளையம் வரைக்கும் வெள்ளை பெயிண்ட் பேனாவால நான்தான் ஒரு கோடு இழுத்து வெச்சிருந்தேன். எஞ்சின தனியா மாட்டி ஓட்டி அளக்கற டைனோல 30 மணி நேர ஓட்டம் முடிஞ்சு பார்த்தா கோடு ரப்பர்கிட்ட ஒடிஞ்சு, வெளிப் பாதி ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி நிக்குது. ரப்பர்ல வெடிப்பு இல்ல, விளிம்புல மட்டும் கருப்பா பொடி, விரல்ல ஒட்டுச்சு.

வளையம் நகர்ந்துச்சு, அது தெரியும். எப்ப நகர்ந்துச்சு? ஓட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதிர்வ அளக்கறதுக்காக வேணும்னே 6900ல நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம், ரேஸ்ல எந்த டேம்பரும் அந்த சித்திரவதைய பார்க்காது, அப்பதான் நகர்ந்திருக்கணும், புது டேம்பர் போட்டு லிமிட்டர 6700க்கு இறக்கினா பிரச்சனையே வராது, இது என் வாதம். ரெஸ்ட்ரிக்டர் இருக்கறதால அங்க மேல பவர் எப்படியும் விழுந்துடும், ட்ரைவர் கொஞ்சம் முன்னாடியே கியர் மாத்துவார், அவ்வளவுதான்.

டைனோ இருக்கற ரூம, டெஸ்ட் செல்ல, பார்த்துக்கற பெரியவர் ஒருத்தர், நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து எஞ்சின் ஓட்டறவர், "அளந்து முடிச்சதும் கோட்ட பார்த்தியா?"ன்னு மட்டும் கேட்டார். பார்க்கல. டேம்பர் மேல பாதுகாப்பு மூடி மாட்டியிருந்துச்சு, கழட்டி மாட்ட அரை நாள் போகும், டெஸ்ட் செல் கிடைக்கறதே குதிரைக்கொம்பு. "அப்ப எப்ப நகர்ந்துச்சுன்னு உனக்குத் தெரியாது"ன்னார். திட்டற மாதிரிகூட இல்ல, டீ குடிச்சுக்கிட்டே சொன்னார்.

இன்னொரு வழியும் இருந்துச்சு, விஸ்கஸ் டேம்பர், உள்ள ரப்பருக்கு பதிலா கெட்டியான சிலிகான் ஆயில். பார்ட் வந்து ஷெல்ஃப்ல இருந்துச்சு, ஆனா ஒரு மணி நேரம்கூட ஓடினது இல்ல, ஃப்ரன்ட் கவரையும் செதுக்கணும். ஓடாத பார்ட்ட 24 மணி நேர ரேஸ்க்கு அனுப்பறதா? டீம் லீட் என் பக்கம் திரும்பி "தாங்குமா, தாங்காதா, கதை வேண்டாம்"ன்னார். சொன்னேன்.

கார் விடியக்காலைல நின்னுச்சு. எஞ்சின் இல்ல, எஞ்சின் சக்திய கியர்பாக்ஸுக்குள்ள கொண்டு போற தண்டு, இன்புட் ஷாஃப்ட், முறிஞ்சுடுச்சு. எஞ்சின் திரும்பி வந்ததும் மொதல்ல கோட்டத்தான் பார்த்தேன், நேரா இருந்துச்சு. அதோட விட்டிருக்கலாம்.

கியர்பாக்ஸ் ஆளுங்க எங்க அதிர்வு டேட்டாவ கேட்டாங்க. அனுப்பினோம், எல்லாம் லிமிட்டுக்குள்ளதான். ஆனா அது டைனோல எடுத்தது, அங்க எஞ்சினுக்குப் பின்னாடி இருந்தது டைனோவோட ஷாஃப்ட், காரோட கியர்பாக்ஸ் இல்ல. பின்னாடி தொங்கற எடை மாறினா ஆட்டமும் மாறும், அது அவங்களுக்கும் தெரியும். டேம்பர் அடக்கறது கிராங்க் முன்பக்க ஆட்டத்த, ஷாஃப்ட் முறியற ஆட்டம் வேற, கிளட்ச் வேற நடுவுல இருக்கு, புத்தகப்படி எங்களுக்கு சம்பந்தமே இல்ல. நான் அப்படித்தான் பதில் எழுதினேன், இப்பவும் அது சரின்னுதான் நம்பறேன். ஆனா ரப்பர் சூட்டுல இளகி ஆட்டம் போட்டுட்டு, ஆறினதும் பழையபடி ஆயிருந்தா கோடு நேராத்தானே இருக்கும்? கோடு வளையம் வழுக்கினத காட்டும், இளகினத காட்டாது. இத நான் அந்த பதில்ல எழுதல, யாரும் கேக்கவும் இல்ல.

அடுத்த சீசனுக்கு விஸ்கஸ் டேம்பர் போட்டோம், ட்ராயிங் நான்தான். மாத்தினதுக்கு காரணம்ங்கற கட்டத்துல "சர்வீஸ் இடைவெளிய கூட்ட"ன்னு போட்டேன், அதுவும் நிஜம்தான். பெரியவர் படிச்சுட்டு கையெழுத்து போட்டார். கியர்பாக்ஸ் கம்பெனிக்கு அந்த பேப்பர் போகல, போகணும்னு ரூலும் இல்ல.