மாப்பிள்ளையின் குதிரையும் பனி தாங்கும் லாயமும்

மாப்பிள்ளை முன்னால் மாமியார் குரலை உயர்த்தக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அதனால் தங்கை வீட்டுக்காரர் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் ஒரு குதிரையை வாங்கி, டெம்போவில் ஏற்றி வந்து எங்கள் தோட்டத்தில் இறக்கிய அன்று, திட்டு முழுவதும் எனக்குத்தான் விழுந்தது.

"வாங்க மாப்பிள்ளை, மோர் குடிக்கிறீங்களா?" என்று அவரிடம் சிரித்துவிட்டு, சமையல்கட்டுக்குள் வந்து என் முதுகில் ஒன்று வைத்தார் அம்மா. "ஏண்டா, நீ ஒரு வார்த்தை சொல்ல மாட்டயா? நாலு மாடு நிக்கற சாளையில குதிரைய எங்க கட்டறது?"

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. ரேஷன் கார்டு மலையாளத்தில், பேச்சு கொங்குத் தமிழில். கிழக்கு வேலியைத் தாண்டினால் தமிழ்நாடு. மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சி டவுனுக்குள். அங்கே புல்லட் நிறுத்தவே பக்கத்து வீட்டாரோடு தகராறு. அதனால் குதிரை அவருடையது, சாணி எங்களுடையது என்று ஆனது.

குதிரை அழகுதான், பொய் சொல்லக் கூடாது. செவலை நிறப் பெட்டை. கத்தியவார் ரத்தம் என்றார். இரண்டு காதும் உள்பக்கமாக வளைந்து நுனிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், யாரோ கும்பிடு போடுவது மாதிரி. சந்தையில் ஒரு பெரியவர் நெற்றி, கழுத்து, வயிறு என்று சுழி பார்த்து, "வீட்டுக்கு ஆகி வரும்" என்றாராம். எந்த வீட்டுக்கு என்று மட்டும் சொல்லவில்லை. தங்கை ராணி என்று பெயர் வைத்தாள்.

பத்தாம் நாள் மாப்பிள்ளை கைபேசியோடு வந்தார். அமெரிக்காவில் லாயத்தைக் கடையில் வாங்குகிறார்களாம். தூண், கைமரம், சுவர்ப்பலகை, கூரைத்தகடு எல்லாம் அளவுக்கு வெட்டி, துளை போட்டு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டி லாரியில் வந்துவிடும். நாம் போல்ட் முடுக்கினால் போதும். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறைக்காரர் அதே வரைபடத்தை வைத்து அப்படியே செய்து தருகிறேன் என்றிருக்கிறார். இரண்டு அறை, நடுவில் நடைபாதை, மேலே வைக்கோல் பரண், மேல்பாதி தனியாகத் திறக்கும் இரட்டைக் கதவு.

"ரெண்டு அறை எதுக்குங்க மாப்பிள்ளை?" என்றேன்.

"ராணிக்குத் துணை வேண்டாமா?"

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அன்று எனக்கு ராத்திரிச் சோறு கொஞ்சம் தாமதமாக வந்தது.

பட்டறைக்காரர் அனுப்பிய விவரத்தாளைத் திண்ணையில் உட்கார்ந்து படித்தோம். மூல வரைபடத்தில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் தமிழில் போட்டிருந்தார். கூரை ஒரு சதுர அடிக்கு 30 பவுண்டு பனியைத் தாங்கும். அஸ்திவாரத்தைக் குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே இறக்க வேண்டும். "உங்கள் பகுதியில் மண் எத்தனை அடி உறையும்?" என்று கேட்டு, பதில் எழுதக் கோடு வேறு.

பங்குனியில் 40 டிகிரி அடிக்கும் ஊர் இது. அந்தக் கோட்டில் என்ன எழுதுவது என்று நானும் மாப்பிள்ளையும் உண்மையாகவே ஐந்து நிமிடம் யோசித்தோம்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பனிய விடு. தேங்காய் உளுந்தாத் தாங்குமா?"

மாப்பிள்ளை உடனே கணக்குப் போட்டார். 30 பவுண்டு என்றால் பதிமூன்றரை கிலோ. மட்டையோடு ஒரு தேங்காய் ஒன்றரை கிலோ. "ஒம்பது காய் ஒண்ணா உளுந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க அத்தை." கூரையில் கொண்டுபோய் வைப்பதும் அறுபதடி மேலேயிருந்து விழுவதும் ஒன்றா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மாப்பிள்ளையாயிற்றே, விட்டுவிட்டேன்.

அப்புறம் விலை. நம்பர் ஒட்டிய அத்தனை பாகமும் சேர்ந்த கிட் 4 லட்சத்து 80 ஆயிரம். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 5,66,400. கீழே பொடி எழுத்தில், அஸ்திவாரம், லாரி வாடகை, இறக்குக் கூலி தனி. அம்மாவுக்கு எந்தத் தொகையையும் காயாக மாற்றினால்தான் புரியும். காய் 20 ரூபாய் என்று வைத்தால் 28,320 காய். எங்கள் 160 மரத்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டு வருச வெட்டு. "குதிரை ரெண்டு வருசம் தேங்காய் திங்கட்டும், லாயம் வேண்டாம்" என்றார், மாப்பிள்ளை கைகழுவப் போன நேரம் பார்த்து.

சரி, விஷயம் தெரிந்தவரைக் கேட்போம் என்று மாட்டு டாக்டரை வரவழைத்தேன். மலையாளி, ஆனால் எங்கள் தமிழ் அத்துப்படி. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அறை 12-க்கு 12, நல்லது சாரே. குறுகலா இருந்தா உருளும்போது கால் சுவர்ல மாட்டி எந்திரிக்க முடியாமப் போகும். கதவு நாலடி, நல்லது. உள்பக்கம் நாலடி உயரத்துக்குப் பலகை அடிச்சிருக்கு, ரொம்ப நல்லது. வெறும் தகடுன்னா ஒரு உதையில குளம்பு வெளிய போயிடும், காலு கிழிஞ்சிரும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் கப்பல் கரைசேர்ந்திருந்தது.

"பக்ஷே," என்றார் டாக்டர். மலையாளத்தில் அந்த ஒரு வார்த்தை வந்தால் மேலே சொன்னதெல்லாம் போச்சு என்று அர்த்தம். "இது குளிருக்குக் கட்டினது. நாலு பக்கமும் அடைப்பு. மூத்திர நெடி தரையோடு தங்கும், படுத்தா அதைத்தான் மூக்கு இழுக்கும். பரண்ல வைக்கோல் வெச்சா தூசி பூரா தலைமேல. தீப்பிடிச்சா சொல்லவே வேண்டாம். நம்ம வெயிலுக்கு இது லாயமில்ல, இட்லிச் சட்டி."

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் எங்கள் தென்னந்தோகையை ஒரே பக்கமாகச் சீவிவிடும். கஞ்சிக்கோட்டில் சும்மாவா காற்றாலை நிறுத்தியிருக்கிறார்கள்? அவ்வளவு காற்றும் உள்ளே வராமல் தடுக்க ஐந்தரை லட்சம்.

மாப்பிள்ளை அசரவில்லை. "சாம்பிள் வரட்டும், பாத்துட்டுப் பேசுவோம்" என்றார். வந்தது. நாலடிக்கு மூன்றடி, அரை மில்லிமீட்டர் கனம், பச்சை வண்ணம் பூசிய கூரைத்தகடு. அதை அவர் தோப்பின் ஓரத்தில் நாலு ஹாலோபிளாக் மேல் பெருமையாக வைத்துவிட்டு டீ குடிக்க வந்தார். அன்றைக்குத்தான் நாற்பத்தைந்து நாள் வெட்டு. மரமேறி வருவார் என்று அம்மாவுக்குத் தெரியும். தகட்டை அந்த மரத்தடியில் வைக்கச் சொன்னதும் அம்மாதானா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

ஒரு காய் இல்லை, ஒரு குலை. டமார் என்ற சத்தத்தில் கையிலிருந்த டீ வேட்டியில். எட்டிப் பார்த்தால், ராணி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு கிழக்கே பறக்கிறது. கயிற்றின் நுனியில் குச்சி துள்ளித் துள்ளிப் பின்னால் போகிறது. வேலி ஒரு பொருட்டே இல்லை. மாப்பிள்ளை செருப்பில்லாமல் ஓட, நான் பின்னால் ஓட, மரமேறி மேலேயிருந்து, "தெக்கால போகுதுங்க... இல்லீங்க, கெழக்கால!" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரத்தில் போன் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்.

"ஏனுங்க, உங்க குதிரை தமிழ்நாட்டுல நிக்குதுங்க."

"அப்படியே புடிச்சு வையுங்க, வந்துட்டோம்."

"புடிக்கறதுக்கு என்ன இருக்குது? கடலைக்காட்டுல நிக்குதுங்க. நீங்களா வந்து கூப்பிட்டாலும் வராது."

வரவில்லைதான். மாப்பிள்ளை கொள்ளு காட்டினார், வெல்லம் காட்டினார், ராணி ராணி என்று கெஞ்சினார். கடைசியில் அம்மா எங்கள் காரிப்பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். பசு ஒரு தடவை "ம்மா" என்றது. ராணி தலையை நிமிர்த்தி, வாயில் கடலைச்செடி தொங்க, பசுவின் பின்னால் வாலை ஆட்டியபடி நடந்து கேரளாவுக்குத் திரும்பியது. பசு நேராகச் சாளைக்குள் போக, குதிரையும் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. துணைக்குத்தான் ரெண்டாவது அறை என்றாரே, துணை ஏற்கெனவே இருந்திருக்கிறது.

கடலைக்கு நஷ்டஈடு 1,500. மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

லாயம் வாங்கவில்லை. சாளையின் மேல்கோடியில் ஓட்டுக்கூரையைக் கொஞ்சம் உயர்த்தி, 12-க்கு 12 தடுத்து, மூன்று பக்கமும் நாலடிக்குத் தென்னம்பலகை அடித்தோம். தரையில் தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் பட்டறையிலிருந்து அந்த இரட்டைக் கதவை மட்டும் வாங்கியே தீருவேன் என்று மாப்பிள்ளை நின்றார். குதிரை மேல்பாதி வழியே தலை நீட்டுவதைத் தங்கை போட்டோ எடுக்க வேண்டுமாம். வாங்கி மாட்டினோம். ராணி இதுவரை அதன் வழியாகத் தலை நீட்டியதே இல்லை. பக்கத்துப் பலகைக்கு மேலே பசுவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கதவின் மேல்பாதியில் அம்மாவின் பொட்டைக்கோழி அடைகிறது.

நசுங்கிய பச்சைத்தகடு இப்போது தொட்டியடியில் சாணிக்குழிக்கு மூடி. தோப்பில் எங்காவது ஒரு காய் விழுந்தால் போதும், கும்பிடு போட்ட அந்த ரெண்டு காதும் பிரிந்து நிமிரும். ராணி தலையைத் திருப்பித் தமிழ்நாட்டுப் பக்கம் பார்க்கும்.