பில் போடும் மென்பொருளுக்கு என்ன விலை வைப்பது?

ஈரோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சிறு ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து விற்பது எங்கள் தொழில். ஒரு சேலைக்கு நூல், சாயம், கூலி, லாரி வாடகை என்று அடக்கவிலையைக் கடைக்காரர் விரல்விட்டு எண்ணிவிடுவார். மென்பொருளில் இரண்டாவது பிரதிக்குச் செலவே இல்லை என்பதால், அடக்கத்தின்மேல் லாபம் வைக்கும் வழக்கம் இங்கே கைகொடுக்காது.

எங்களுக்கு உண்மையான செலவு விற்ற பிறகுதான் தொடங்குகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது இது தெளிவாகத் தெரிந்தது. அதுவரை 1,000 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதமும் அதற்குமேல் 12 சதவீதமும் வரி இருந்தது. அன்று முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்குமேல் 18 என்றானது. 2,600 ரூபாய்ச் சட்டைக்குக் கடைக்காரர் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 2,340 ஆகி, வரி 18-லிருந்து 5-க்கு இறங்கிவிடும். எனவே தள்ளுபடியைக் கழித்த பிறகே விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்படி கணக்கை அமைக்க வேண்டும். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், பழைய இருப்பில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகளோடு இந்த மாற்றத்தை ஒவ்வொரு கடையிலும் சரிபார்த்துக் கொடுத்தோம். ஒரே தடவை பணம் வாங்கிக்கொண்டு விற்கும் முறையில் இந்த உழைப்புக்கு இடமே இல்லை. புதிதாக வருபவரின் பணத்தில்தான் பழையவருக்குச் சேவை செய்ய வேண்டியிருக்கும். புதியவர்கள் வருவது குறைந்தால் இருவருமே கைவிடப்படுவார்கள்.

அதனால் சந்தா என்பதில் எங்களுக்குள் விவாதம் இல்லை. மாதமா, ஆண்டா என்பதில்தான் இருந்தது. மாதம் 400 ரூபாய் என்றால் கேட்பதற்கு இலகுவாக இருக்கும். ஆனால் ஜவுளிக்கடையில் பணம் சீராக வருவதில்லை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், தை முகூர்த்தங்கள் என்று அலையலையாக வருகிறது, இடையில் கல்லா வறண்டு கிடக்கும். தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டிலும், ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, ஒவ்வொரு முறையும் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். அது நியாயமான பாதுகாப்பு. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆயினும் மந்தமான மாதத்தில் அந்தக் குறுஞ்செய்தியைப் பார்ப்பவர், இந்தச் செலவு தேவைதானா என்று யோசிக்கவே செய்வார். நாங்கள் தொலைபேசியில் நினைவூட்டி வசூலிக்கப் போனால், அதற்கு ஆகும் நேரமே 400 ரூபாயை விழுங்கிவிடும்.

ஆகவே ஆண்டுக்கு 4,800 ரூபாய் என்று வைத்தோம். புதுப்பிக்கும் நாளைத் தீபாவளி விற்பனை முடிந்து கடைக்காரர் கையில் பணம் நிற்கும் வாரங்களில் அமைத்தோம். ஆண்டின் நடுவில் சேர்பவர் அடுத்த புதுப்பிக்கும் நாள் வரையிலான மாதங்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். பேரம் பேசுவோருக்கும் பேசாதோருக்கும் ஒரே விலை. ஒருவருக்குக் குறைத்தால், அதே வீதியில் அடுத்த கடைக்காரருக்கு அன்று மாலையே தெரிந்துவிடும்.

வரியைச் சேர்த்துச் சொல்வதா, தனியாகச் சொல்வதா என்பதையும் அலட்சியமாக விட முடியாது. வழக்கமான முறையில் பதிவு செய்த கடைக்காரர் நாங்கள் வாங்கும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்வார், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரால் அது முடியாது, அவருக்கு அது முழுச் செலவு. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் இரண்டாம் வகையினர் என்பதால், வரி உட்பட்ட தொகையையே விலை என்று சொல்கிறோம்.

முன்பு ஒரே தடவை பணம் கட்டி வாங்கியவர்களுக்கு வரி விகித மாற்றங்களை இன்றும் இலவசமாகவே தருகிறோம். அவர்கள் வாங்கியபோது சந்தா என்ற பேச்சே இல்லை. புதிய வசதிகளும் இரண்டாவது கிளைக்கான இணைப்பும் வேண்டுமென்றால் மட்டும் ஆண்டுச் சந்தாவுக்கு மாறச் சொல்கிறோம்.