உண்ணி இலையில் மழையைத் தேடிய கதை

முதுகலைப் படிப்பின் கடைசி ஆண்டில் நான் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னதுதான். ஒரே செடி, வறண்ட ஊரில் ஒன்று, மழை கொட்டும் ஊரில் ஒன்று. இரண்டின் இலையிலும் கார்பன்-13 எவ்வளவு வேறுபடும்? செடி, உண்ணிச்செடி. பல்லடம் பக்கத்துக் காட்டு வேலியிலும் (கொங்கு நாட்டில் மானாவாரி நிலத்துக்கும் காடு என்றுதான் பேர்) இருக்கும், வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலும் இருக்கும். வால்பாறையில் பெய்கிற மழையில் கால் பங்குகூடப் பல்லடத்துக்குக் கிடைக்காது.

காற்றிலுள்ள கார்பனில் 100-க்கு சுமார் 1.1 பங்குதான் கனமான கார்பன்-13. உண்ணி போன்ற சி3 செடிகள் (ஒளிச்சேர்க்கையில் முதலில் மூன்று கார்பன் உள்ள பொருளை உண்டாக்குபவை) லேசான கார்பன்-12-ஐப் பொறுக்கி எடுக்கும். தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தால் இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கிற கொஞ்சம் கரியமில வாயுவை வைத்தே பிழைப்பை ஓட்ட வேண்டும், பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது, கனமானதும் சேர்ந்துவிடும். ஆஸ்திரேலியாவின் கிரகாம் ஃபார்குவர் குழு 1982-ல் இதைச் சமன்பாடாகவே எழுதிவிட்டது. ஆக, வறண்ட ஊர் இலையின் டெல்டா மதிப்பு (ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டால் கார்பன்-13 விகிதம் ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்ற எண்) கூட வேண்டும். அதாவது மைனஸ் 30 பக்கம் போகாமல் மைனஸ் 27, 26 என்று நிற்க வேண்டும்.

பல்லடத்தில் இலை பறிக்கும்போது நிலத்துக்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏனுங் தம்பி, ஆடே வாய் வைக்காத செடிங்க அது. அதுக்குப் போயி கவரா?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன்.

கழுவுவது முக்கியம். ரோட்டுப் புழுதியில் சுண்ணாம்பு இருந்தால் அதன் கார்பன் மதிப்பு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நின்று கணக்கைக் கெடுக்கும். அப்புறம் 60 டிகிரி அடுப்பில் இரண்டு நாள், கல்வத்தில் இடி, மாவாக்கு.

உயிரை எடுத்தது எடை போடுவதுதான். மிளகு அளவு டின் கேப்சூலில் ஒரு மில்லிகிராம் பொடி. மே மாதம், ஃபேனைப் போடக் கூடாது, பறந்துவிடும். இடுக்கியின் நுனியில் பொடி மின்னேற்றத்தில் ஒட்டிக்கொண்டு கீழே விழவே விழாது. இரண்டு இடுக்கியால் கேப்சூல் வாயை மடித்து, உருட்டி, காற்றில்லாத குட்டி உருண்டையாக்க வேண்டும். கிழிந்தால் முதலிலிருந்து. முதல் நாள் முழுக்க ஒன்பதுதான் தேறியது. அளக்கும் கருவி அந்த உருண்டையைச் சில நொடியில் எரித்து, வரும் கரியமில வாயுவில் நிறை 44-ஐயும் (கார்பன்-12 உள்ளது) 45-ஐயும் (கார்பன்-13 உள்ளது) எண்ணிவிடும்.

முடிவு வந்த அன்று முதல் அதிர்ச்சி, ஓர் உண்ணி மாதிரிக்கு மைனஸ் 12. எந்தப் பஞ்சத்திலும் உண்ணி அங்கே போகாது. அது சோளம், மக்காச்சோளம், கரும்பு, அருகு போன்ற சி4 வகையறாவின் (முதலில் நான்கு கார்பன் உள்ள பொருளை உண்டாக்குபவை, கார்பன்-13-ஐ அவ்வளவாக ஒதுக்காதவை) எண். தேடினால், அதே அடுப்பில் நண்பன் வைத்திருந்த மக்காச்சோள இலையின் கவரோடு என் கவர் மாறியிருந்தது. சரி, அது போகட்டும்.

இரண்டாவதுதான் வலித்தது. வால்பாறை மதிப்புகள் மைனஸ் 32-ஐயும் தாண்டிக் கிடந்தன. நான் மழையின் மகிமை என்று குதித்தேன். வழிகாட்டி கேட்டது ஒரே கேள்வி: "நிழலா, வெயிலா?" நோட்டில் அப்படி ஒரு கட்டமே இல்லை. பல்லடத்தில் நிழலுக்கு இடமே கிடையாது. வால்பாறையில் அட்டைக்குப் பயந்து ரோட்டை ஒட்டி, மரக்கூட்டத்தின் அடியிலேயே பறித்திருந்தேன். அடர்ந்த நிழலில் வெளிச்சம் குறைவு, ஒளிச்சேர்க்கை மந்தம், இலைக்குள் வாயு தாராளம். போதாததற்கு, மண்ணும் சருகும் விடுகிற ஏற்கெனவே லேசான வாயு அங்கேயே தங்கும். இரண்டும் சேர்ந்து எண்ணைக் கீழே இழுக்கும்.

மறுபடி பஸ், மறுபடி 40 கொண்டை ஊசி வளைவு. இந்த முறை வெயில் பட்ட இலை மட்டும், நெஞ்சு உயரத்தில், முழுசாக விரிந்தது. இரண்டு ஊருக்கும் இடைவெளி சுருங்கி இரண்டு பெர்மில் (ஆயிரத்துக்கு இரண்டு) சொச்சத்தில் நின்றது. திசை மாறவில்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

பழைய உலர்தாவரத் தொகுப்பு இலைகளோடும் ஒப்பிடலாமே என்றேன். நிலக்கரி, பெட்ரோல் எரித்துக் காற்றின் மதிப்பே மைனஸ் 6.5-லிருந்து மைனஸ் 8.5 வாக்கில் இறங்கிவிட்டது, அதைக் கழிக்காமல் தொடாதே என்றார் வழிகாட்டி. தொடவில்லை.

வைவாவில் வெளியிலிருந்து வந்தவர் கேட்டார்: "வால்பாறை ஆயிரம் மீட்டருக்கு மேலே. உயரம் ஏறினாலும் மதிப்பு கூடுமே, அதை எப்படிப் பிரிச்சீங்க?" பிரிக்கவில்லை. மலையடிவாரத்து ஆழியாற்றிலிருந்து மேலே வரிசையாக எடுத்திருக்க வேண்டும். இரண்டு தடவையும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அந்த வழியாகத்தான் போனேன்.